கால் எட்டினால் போதுமா?

போன மாதம் ஒரு நேயர் நிகழ்ச்சிக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். கூலிமில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் பெண். "அக்கா, எனக்கு ஐந்தடி ஓரங்குலம். அட்வெஞ்சர் மோட்டார் வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. கடையில ஏறி உட்கார்ந்தா கால் தரையில படல. கடைக்காரர், 'இறக்கிக் கொடுத்துடலாம், அரை நாள் வேலைதான்'னு சொல்றாரு. இறக்கலாமா?"

பிறந்தநாள் வாழ்த்து, காணாமல் போன பூனை, மாமியார் சண்டை என்று எது வந்தாலும் முப்பது விநாடியில் ஏதாவது பதில் சொல்லிவிடுவேன். இதற்கு முப்பது விநாடி போதவில்லை. நிகழ்ச்சி முடிந்த பிறகு தங்கச்சியை அழைத்து அரை மணி நேரம் பேசினேன். அவரிடம் சொன்னதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். காரணம், எனக்கும் அதே உயரம்தான். நானும் என் மோட்டாரை இறக்கினேன். ஆனால் அடிபட்டது அப்பாவுக்கு.

எங்கள் குடும்பத்தில் யாரும் உயரமில்லை. அப்பா ஐந்தடி மூன்று. பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். ஒரு பழைய கப்சாய் வைத்திருந்தார். முன்னால் கூடையில் என் பள்ளிப் பை, நடுவில் நான், பின்னால் அம்மா. மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் சாலை எப்படி இருக்கும் என்று கெடாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சேற்றில் அப்பா கால் ஊன்றித் தடுமாறி நான் பார்த்ததே இல்லை. கப்சாய்களின் இருக்கை பெரும்பாலும் 75 முதல் 78 சென்டிமீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கும். எடையும் நூறு கிலோவைச் சுற்றித்தான். மலேசியாவின் சொந்த மோட்டார் என்று 1996இல் வந்த மோடெனாஸ் கிறிஸ்கூட, நம் கெடாவின் குரூணில் உள்ள தொழிற்சாலையில் உருவான கப்சாய்தான். நம் ஊர் உடம்புக்கும் நம் ஊர் சாலைக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது.

அட்வெஞ்சர் மோட்டார் அப்படியில்லை. அது பள்ளம் மேட்டில், கல்லில், மணலில் ஓடுவதற்காகச் செய்யப்படுவது. அதற்குச் சக்கரம் மேலும் கீழும் நிறையப் போய்வர வேண்டும். வயிற்றுப் பகுதி தரையிலிருந்து தூரமாக இருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் இருக்கை தானாக மேலே போய்விடும். சென்னைக்கு அருகே தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் வந்த முதல் ஹிமாலயனின் இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர். 2023 இறுதியில் வந்த 450இல் அது 825. தேவைப்பட்டால் 845 வரை ஏற்றலாம். ஓசூரில் டிவிஎஸ் தொழிற்சாலையில் தயாரான பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ்ஸுக்கு 835. ஹோண்டா என்எக்ஸ்500க்கு 830. காட்டுக்குள் போவதற்கென்றே செய்யப்படும் வண்டிகள் இன்னும் உயரம். என் உள்கால் அளவு, அதாவது தரையிலிருந்து தொடை சேரும் இடம் வரை, 71 சென்டிமீட்டர். கணக்கு எங்கே இடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஆசை கணக்குப் பார்க்காது. பெரிய லைசென்ஸ் எடுத்தேன். 250 சிசிக்கு மேல் ஓட்ட பி2 போதாது. பிறகு பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. இருக்கை உயரம் 83 சென்டிமீட்டரைச் சுற்றி, எடை 190 கிலோவுக்கு மேல். ஏறி உட்கார்ந்தால் இரண்டு பெருவிரல் நுனி மட்டும் தரையைத் தொடும். சுங்கைப்பட்டாணியில் ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் நெஞ்சு படபடக்கும். பக்கத்தில் கார்க்காரர் எட்டிப் பார்ப்பார். ஒருமுறை ஒரு பையன் கண்ணாடியை இறக்கி, "அக்கா, ஏணி கொண்டு வரவா?" என்றான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. பள்ளியில் காலைக் கூட்டத்தில் எப்போதும் முதல் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வலி புரியும்.

அடுத்த வாரமே இறக்கிவிட்டேன்.

அரை நாள் வேலை

பின் சக்கரத்துச் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கையும் சக்கரத்தின் கையையும் இணைக்கும் சின்ன இரும்புத் துண்டுகள் இரண்டு இருக்கும். லிங்க் என்பார்கள். எல்லா வண்டியிலும் இருக்காது. என் வண்டியில் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு கொஞ்சம் நீளமான லிங்க் போட்டால் வண்டியின் பின்பக்கம் இறங்கிவிடும். கடையில் அரை நாளில் வேலையை முடித்தார்கள். நான்கு சென்டிமீட்டர் இறங்கியது. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலிலும் பாதத்தின் முன்பகுதி முழுவதும் தரையில். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

முதல் அடையாளம் மூன்றாம் நாளே வந்தது. பெட்ரோல் நிலையத்தில் சைட் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் பணம் கட்டப் போனேன். திரும்பி வருவதற்குள் வண்டி மறுபக்கம் சாய்ந்து விழுந்து கிடந்தது. யாரும் தொடவில்லை. வண்டி இறங்கியது; ஸ்டாண்டின் நீளம் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. அதனால் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி நெட்டுக்குத்தாக நின்றிருக்கிறது. கொஞ்சம் காற்று, கொஞ்சம் சரிவு, அவ்வளவுதான் தேவை. கண்ணாடி உடைந்தது, கிளட்ச் பிடி வளைந்தது. ஸ்டாண்டை வெட்டி ஒட்ட வேண்டும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

இரண்டாவது அடையாளம் இரவில் வந்தது. முன்விளக்கு சாலையைப் பார்க்காமல் மரத்து உச்சியைப் பார்த்தது. பின்பக்கம் இறங்கினால் முன்பக்கம் தூக்கும்தானே. வளைவில் வண்டி திரும்ப மறுத்து, கொஞ்சம் நேராகவே போகப் பார்த்தது. குரூணிலிருந்து குனோங் ஜெராய் மலைக்கு ஏறும் குறுகலான சாலை உங்களில் பலருக்குத் தெரியும். 1,217 மீட்டர் மலை. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறியபோது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹேண்டிலோடு மல்லுக்கட்டினேன். வண்டி பழசு, அதனால்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கால் எட்டுகிறதே, அது போதாதா?

பங்குனித் திருவிழா

நாங்கள் இருந்த தோட்டத்தில் இப்போது பால்மரம் இல்லை. எல்லாம் செம்பனை. லயங்களையும் இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பங்குனித் திருவிழாவுக்கு பினாங்கு, ஈப்போ, ஜொகூர் என்று எங்கெங்கோ போனவர்கள் எல்லாம் அங்கே கூடுவார்கள். அந்த ஆண்டு அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போவதாகச் சொன்னேன். அம்மா வேண்டாம் என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். நாற்பது ஆண்டுகள் மோட்டார் ஓட்டியவர். முதல்முறையாக மகள் பின்னால் உட்காரப் போகிறார். அவர் முகத்தில் இருந்த பெருமையை இப்போதும் மறக்க முடியவில்லை.

செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் தோட்டத்துச் சாலையை இரண்டு ஆழமான தடமாக உழுது வைத்திருக்கும். முதல் நாள் மழை. கோயிலுக்கு அரை மைல் இருக்கும்போது ஒரு சின்னப் பாலம். பாலம் என்றால் வாய்க்காலுக்கு மேல் ஒரு சிமெண்டுப் பலகை. மழை, பலகைக்கு முன்னால் இருந்த மண்ணை அரித்துவிட்டதால் அதன் விளிம்பு ஒரு படி மாதிரி தூக்கி நின்றது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் பாதி உயரம்தான் இருக்கும். மெதுவாகத்தான் போனேன். முன் சக்கரம் ஏறிவிட்டது. அடுத்த நொடி வயிற்றுக்கு அடியில் 'டங்' என்ற சத்தம். என்ஜினுக்குக் கீழே இருக்கும் தகடு விளிம்பில் மோதி வண்டி அப்படியே நின்றது. வண்டி நின்றதும் இடது காலை ஊன்றினேன். கால் எட்டும் என்ற நம்பிக்கையில்தானே அத்தனை மாதம் ஓட்டியிருந்தேன். ஆனால் இடதுபுறம் மண் அரித்துப் போயிருந்தது. கால் போன இடத்தில் தரை இல்லை.

இருநூறு கிலோ வண்டியும் அப்பாவும் நானும் வாய்க்கால் ஓரத்தில் சாய்ந்தோம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அப்பா கையை ஊன்றியிருந்தார். மணிக்கட்டு உடைந்தது. அறுபத்தெட்டு வயது. ஆறு வாரம் மாவுக்கட்டு. சோறு பிசைந்து சாப்பிட முடியாமல் கரண்டியில் சாப்பிட்டார். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

எங்கே தப்பு நடந்தது?

அந்த ஆறு வாரமும் நான் சஸ்பென்ஷனைப் பற்றிப் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். அலோர்ஸ்டாரில் வயதான சீன மெக்கானிக் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். மலாயில் அவர் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில் தருகிறேன்.

வண்டியில் ஆள் ஏறி உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும். இதை 'சேக்' என்பார்கள். சக்கரம் மேலும் கீழும் போய்வரும் மொத்த தூரத்துக்கு 'ட்ராவல்' என்று பெயர். அமுக்கம், ட்ராவலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 200 மில்லிமீட்டர் ட்ராவல் என்றால் 60 முதல் 70 வரை. அந்த அமுக்கம் இருப்பதால்தான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. மீதி மூன்றில் இரண்டு பங்கு மேடு வரும்போது வாங்கிக்கொள்வதற்கு.

வண்டியோடு வரும் ஸ்பிரிங் பொதுவாக என்னைவிடக் கனமான ஆளை மனதில் வைத்துப் பொருத்தப்பட்டது. என் எடை 50 கிலோ. நான் உட்கார்ந்தால் அது ஒழுங்காக அமுங்குவதே இல்லை. அதனால் வண்டி எனக்கு இருக்க வேண்டியதைவிட உயரமாக நிற்கிறது. குட்டையானவர்கள் பலர் எடையும் குறைவாக இருப்பதால் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறோம். இதற்கு முதல் மருந்து இலவசம். ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறது என்பதை மாற்றும் திருகு ஒன்று இருக்கும். 'ப்ரீலோட்' என்பார்கள். பல வண்டிகளில் வண்டியோடு தரும் ஸ்பேனர் ஒன்றே போதும். அதைத் தளர்த்தினால் வண்டி சரியான அளவுக்கு அமுங்கும். அப்படியும் அமுங்கவில்லை என்றால், நம் எடைக்கு ஏற்ற மெல்லிய ஸ்பிரிங் மாற்றலாம். ட்ராவல் ஒரு மில்லிமீட்டரும் குறையாது.

நீளமான லிங்க் செய்வது வேறு வேலை. அது வண்டியை இறக்குவதோடு நெம்புகோல் கணக்கையும் மாற்றிவிடுகிறது. சக்கரத்துக்கு ஸ்பிரிங் மேல் பிடி கூடுகிறது. அதே ஸ்பிரிங் இப்போது மெல்லிய ஸ்பிரிங் மாதிரி நடந்துகொள்ளும். நான் ஒருத்தி உட்கார்ந்தபோது அது தெரியவில்லை, சொகுசாகக்கூட இருந்தது. அப்பா பின்னால் ஏறியதும் மிச்சமிருந்த ட்ராவலும் கரைந்துவிட்டது. நான்கு சென்டிமீட்டர் ஏற்கெனவே போயாயிற்று. இரண்டு பேர் எடையில் இன்னும் போயிற்று. அந்தச் சிமெண்டு விளிம்பைத் தாண்ட வேண்டிய இடைவெளியை நானே எடுத்துப் பெட்ரோல் நிலையத்திலும் சமிக்ஞை விளக்கிலும் செலவழித்துவிட்டேன்.

பின்பக்கத்தை மட்டும் இறக்கியது இன்னொரு தப்பு. இறக்கினால் முன் போர்க்கையும் அதே கணக்குக்கு மேலே ஏற்றிப் பொருத்த வேண்டும். ஸ்டாண்டைக் குறைக்க வேண்டும். முன்விளக்கைச் சரிசெய்ய வேண்டும். செயின் தளர்வைத் திரும்பப் பார்க்க வேண்டும். மட்கார்டில் சக்கரம் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் 'அரை நாள் வேலை' என்று சொல்வது, தையற்காரர் கால்சட்டையைக் கீழே மட்டும் வெட்டிவிட்டு அளவு சரியாகிவிட்டது என்று சொல்வது போல.

தொழிற்சாலையே இறக்கினாலும் கணக்கு மாறாது. ஜப்பானில் 2020இல் ஹோண்டா சிஆர்எஃப்250எல் வண்டியை இரண்டு உயரத்தில் விற்றது. ஒன்றின் இருக்கை 880 மில்லிமீட்டர், மற்றது 830. இருக்கை 50 குறைந்தபோது தரை இடைவெளி 285இலிருந்து 245ஆகக் குறைந்தது. ட்ரையம்ஃப் டைகர் 900 ஜிடியின் தாழ்ந்த மாடலில் இருக்கை 760 வரை வரும். அதற்கு ஈடாக முன் சக்கரத்தின் ட்ராவல் 180இலிருந்து 140ஆகிவிடும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் ஸ்பிரிங், போர்க், ஸ்டாண்டு எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாற்றித் தருகிறார்கள். என்ன இழக்கிறோம் என்பதையும் அட்டவணையில் அச்சடித்துத் தருகிறார்கள். தார்ச்சாலையில் மட்டும் போகிறவர்களுக்கு அது நல்ல பேரம். பணம் நிறைய இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 2021இல் வந்த ஹார்லி டேவிட்சன் பான் அமெரிக்கா ஸ்பெஷலிலும் 2023இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ்ஸிலும், நிற்கும்போது தானாக இறங்கி, ஓடும்போது தானாக ஏறும் சஸ்பென்ஷனைக் கூடுதல் வசதியாக வாங்கிக்கொள்ளலாம். நம் பிரச்சினையை அவர்களும் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்பதில் ஒரு சந்தோஷம். விலையைக் கேட்டால் அந்தச் சந்தோஷம் போய்விடும்.

திரும்ப ஏற்றினேன்

அப்பா கட்டுப் பிரித்த வாரம் பழைய லிங்க்கைத் திரும்பப் போட்டேன். பிறகு அங்கிள் சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்தேன்.

முதலில் அளந்தோம். வண்டியைத் தூக்கி, பின் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து வால் பகுதியில் ஒரு குறி வரை ஓர் அளவு. நான் முழு உடுப்போடு உட்கார்ந்த பிறகு இன்னோர் அளவு. வித்தியாசம் 42 மில்லிமீட்டர்தான். ப்ரீலோடைத் தளர்த்தி 55க்குக் கொண்டுவந்தோம். சக்கரத்தில் 13 என்றால் இருக்கையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இருக்கை. உயரத்தை மட்டும்தான் எல்லோரும் பார்க்கிறோம். அகலம் அதே அளவு முக்கியம். இருக்கை அகலமாக இருந்தால் தொடை வெளியே விரிந்து, கால் சுற்றி வளைந்து கீழே இறங்க வேண்டியிருக்கிறது. ஒரே 83 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு வண்டியில் கால் எட்டும், இன்னொன்றில் எட்டாது. இருக்கை தைக்கும் கடையில் கொடுத்து முன்பகுதியின் இரண்டு ஓரங்களையும் சரித்து வெட்டி, பஞ்சை ஒன்றரை சென்டிமீட்டர் குறைத்தேன். 150 வெள்ளி. அதற்கு மேல் குறைத்தால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு பேச ஆரம்பித்துவிடும். சில நிறுவனங்களே தாழ்ந்த இருக்கை விற்கின்றன. ஹிமாலயன் 450க்கு 805 வரை இறக்கும் இருக்கை உண்டு; ஜி 310 ஜிஎஸ்ஸுக்கு 820. முதலில் அதை விசாரியுங்கள்.

மூன்றாவது காலணி. சப்பாத்தின் அடித்தோல் தடிப்பாக உள்ள பூட்ஸ் வாங்கினேன். என் பழைய காலணியைவிட இரண்டரை சென்டிமீட்டர் உயரம் கூட. கணுக்காலுக்கும் பாதுகாப்பு.

மூன்றையும் கூட்டினால் ஐந்து சென்டிமீட்டர். லிங்க் கொடுத்தது நான்கு. இந்த ஐந்துக்காகச் சக்கரத்தின் ட்ராவலில் எதையும் வெட்டவில்லை.

அப்பாவை ஏற்றும் நாளில் ப்ரீலோடைத் திரும்ப இறுக்கிவிடுவேன். இதை மறக்கவே கூடாது. ஓட்டுபவர் ஒருவருக்குச் சரியாக வைத்த அளவு இரண்டு பேருக்குச் சரியாக இருக்காது. மனைவியையோ பிள்ளையையோ பின்னால் ஏற்றும் அண்ணன்மார்கள், கப்சாய் வைத்திருப்பவர்களும்தான், ஒருமுறை உங்கள் பின் ஸ்பிரிங்கைக் குனிந்து பாருங்கள். பல வண்டிகளில் படிப்படியாகத் திருகும் வளையம் இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அப்படியும் சஸ்பென்ஷனை இறக்கியே ஆக வேண்டும் என்றால், தார்ச்சாலைக்கு மட்டும் என்று முடிவு செய்துகொண்டு, கொஞ்சமாக இறக்குங்கள். முன்னும் பின்னும் சேர்த்து, ஸ்டாண்டையும் சேர்த்து. செய்வதற்கு முன் ஜேபிஜே விதிகளையும் காப்புறுதி நிறுவனத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். விழுந்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

ஒரு கால் போதும்

மிச்சம் இருந்தது என் தலைக்குள் இருந்த பயம். அதற்கு ஒரு பெல்ஜியக்காரர் உதவினார். காஸ்டன் ராஹியே. 125 சிசி மோட்டோகிராஸில் 1975, 76, 77 என்று மூன்று முறை உலக வெற்றியாளர். பிறகு பாலைவனத்துக்குப் போய் 1984, 1985 பாரிஸ் டாக்கர் பந்தயங்களில் பிஎம்டபிள்யூவில் வென்றார். ரொம்பக் குட்டையானவர். அந்த ராட்சத வண்டியில் உட்கார்ந்தால் அவருக்குக் கால் தரையில் எட்டாது. ஒரு காலைப் பெடலில் வைத்து வண்டியை நகர்த்திவிட்டு, அது ஓட ஆரம்பித்த பிறகு மறு காலைத் தூக்கிப் போட்டு ஏறுவார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மணலில் வென்றவருக்கே கால் எட்டவில்லை என்றால், சுங்கைப்பட்டாணி சமிக்ஞை விளக்கில் நான் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

அவர் அளவுக்கு வித்தை வேண்டாம். நமக்குத் தேவை ஒரே ஒரு கால். நிற்கப் போகும்போது இடுப்பை ஒரு பக்கமாக நகர்த்தி, அந்தக் காலை மட்டும் முழுதாக ஊன்ற வேண்டும். மறு கால் பெடலில். இரண்டு பெருவிரல் நுனியில் நிற்பதைவிட ஒரு முழுப் பாதம் எவ்வளவோ உறுதி. வழக்கமாக இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். ஆனால் நாம் இடதுபுறம் ஓட்டுகிறோம்; மழைநீர் வடிவதற்காக நம் சாலை இடது ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். அதனால் ஓரத்தில் நின்றால் இடது காலுக்குத் தரை இன்னும் கீழே போய்விடும். ஓரத்தில் ஒட்டாமல் தடத்தின் நடுவில் நில்லுங்கள்.

காலி இடத்தில் இதை நூறு முறை பழகினேன். விழுந்த வண்டியைத் தூக்கவும் பழகினேன். கையால் இழுத்தால் முதுகு போய்விடும். என்ஜினை அணைத்து, கியரில் போட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி இருக்கையில் சாய்ந்து, ஒரு கை ஹேண்டிலில், மறு கை பின் கம்பியில் பிடித்து, காலால் உந்திப் பின்னோக்கி நடக்க வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே ஸ்டாண்டைத் தள்ளி வையுங்கள். 50 கிலோ ஆளால் 190 கிலோ வண்டியைத் தூக்க முடிகிறது. அதை முதன்முதலில் தூக்கிய நாளில்தான் அந்த மோட்டார் உண்மையில் எனக்குச் சொந்தமானது மாதிரி இருந்தது.

அடுத்த ஆண்டு பங்குனி வந்தது. அப்பாவிடம் நான் கேட்கவில்லை. அவரே வந்து, "மோட்டார்லதானே போறோம்?" என்றார். அம்மா இந்த முறையும் வேண்டாம் என்றார். ப்ரீலோடை இறுக்கினேன், கிளம்பினோம்.

அந்தப் பாலத்துக்கு முன்னால் அப்பா என் தோளைத் தட்டினார். நிறுத்தச் சொன்னார். எனக்குக் கை வியர்த்தது. "எங்கப்பா கால் வைக்கிறது, ரெண்டு பக்கமும் சேறு" என்றேன்.

"லாரித் தடத்துக்குள்ள சக்கரத்தை விடும்மா. நடுவுல புல்லு மேடு இருக்கு பாரு. அதுல காலை வை."

சக்கரத்தைத் தடத்துக்குள் இறக்கினேன். வண்டி தாழ்ந்தது, மேடு உயர்ந்தது. வலது பாதம் முழுதாகப் புல்லில் பதிந்தது. எந்தக் கடையிலும் எந்த லிங்க்கும் கொடுக்காத பத்து சென்டிமீட்டர். கூடையில் என் பையும் பின்னால் அம்மாவுமாக அத்தனை ஆண்டுகள் அப்பா தடுமாறாமல் நின்றது இப்படித்தான் போலிருக்கிறது. நான் அவர் கப்சாய் தாழ்வு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா இறங்கி நடந்து போய் அந்த விளிம்பைக் காலால் தட்டிப் பார்த்தார். யாரோ மண் கொட்டிச் சரிசெய்திருந்தார்கள். இருந்தும் திரும்பி வந்து ஏறாமல், பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு கையசைத்தார். நான் தனியாகத் தாண்டி வந்த பிறகுதான் ஏறினார்.

கூலிம் தங்கச்சிக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, "அப்போ இறக்க வேணாம்னு சொல்றீங்களாக்கா?" என்று கேட்டார். முதலில் அளந்து பாருங்கள், பிறகு திருகைத் திருப்பிப் பாருங்கள், பிறகு இருக்கை, பிறகு பூட்ஸ், பிறகு ஒரு மாதம் காலி இடத்தில் பழகுங்கள். அதற்குப் பிறகும் இறக்கத் தோன்றினால் கூப்பிடுங்கள் என்றேன். இன்னும் கூப்பிடவில்லை.